கோபுரம் ஏன் ஆடுகிறது?

போன வாரம் மிருதுளாவை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. திரையில் கங்கையம்மன் கோயில் கோபுரம் ஆடிக்கொண்டிருந்தது.

ஆட்டமென்றால் சாதாரண ஆட்டமில்லை. தட்டில் வைத்த ஜெல்லியை விரலால் தட்டினால் நடுங்குமே, அந்த மாதிரி. புதுசாகச் சாயம் பூசிய மூன்று நிலைக் கோபுரம், பொம்மைகள், கலசம் எல்லாம் சேர்ந்து நெளிந்தன. அந்தக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். இன்று வியாழன்.

கதையின் நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. கிழக்குத் தாம்பரத்தில் ஸ்ரீரங்கனின் வீட்டுக் கீழ்த்தளம்தான் ஸ்டூடியோ. மூத்த மகன் ஷ்யாம்சுந்தர் போட்டோ எடுப்பான். அவன் மனைவி மிருதுளா ஒன்பது வருடமாக உள் அறையில் உட்கார்ந்து ஊரார் கல்யாணங்களை வெட்டி ஒட்டுகிறாள். இளைய மகன் கிரீஷின் மனைவி ஸஹானா வந்து எட்டு மாதம். வரும்போதே ட்ரோன் ஓட்டும் லைசென்ஸோடு வந்தாள். மாமனார் அந்த லைசென்ஸுக்கு ஃப்ரேம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

யார் ஸ்டூடியோவுக்கு வந்தாலும் ஸ்ரீரங்கன் ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்வார். "இவ எங்க வீட்டு பைலட்." அப்புறம் உள் அறைப் பக்கம் கையைக் காட்டி, "அது மூத்த மருமக. எடிட்டிங்ல கொஞ்சம் ஹெல்ப் பண்ணுவா."

கொஞ்சம் ஹெல்ப். ஒன்பது வருடத்தில் அவள் முடித்துக் கொடுத்த கல்யாணங்கள் எழுநூறுக்கு மேல்.

நேற்று புது போர்டுக்கான டிசைன் வந்தது. ஸ்ரீரங்கன், ஷ்யாம்சுந்தர், மூன்றாவதாக 'ஏரியல்: ஸஹானா'. மிருதுளா அதை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

அவளுக்குப் பொறாமைதான். ஆதங்கம், வருத்தம் என்று நாகரிகமாக ஏதாவது சொல்லி மழுப்பலாம். அவளே அப்படித்தான் கணவனிடம் மழுப்பினாள். அவன் "விடு மிருதுளா" என்றான். ஆனால் ஸஹானா கையில் ரிமோட்டோடு நிற்கும் படத்துக்கு விழுந்த லைக்குகளை அவள் தினமும் எண்ணிக்கொண்டிருந்தாள். அது கூடக் கூட வயிறு எரிந்தது.

இப்போது அந்த ஸஹானா எடுத்த படம் ஆடுகிறது. மிருதுளாவுக்கு அதில் கொஞ்சம் இனித்தது என்றால் அவளைக் கெட்டவள் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் ஓர்ப்படியை நினைத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

* * *

காலை ஒன்பதரைக்கு லோகுவின் போன் வந்தது. கடற்கரைக் குப்பத்தில் கோயில் கமிட்டியை நடத்துகிறவர் அவர். செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் எடுத்த படத்தை, ஆர்வத்தில் ஸ்ரீரங்கன் சரியாகப் பார்க்காமலே அவருக்கு அனுப்பி, அவர் அதை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டிருந்தார். ஸ்ரீரங்கன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காத. ஊர்ல பேஜாராப் பூட்ச்சு."

"என்ன லோகு, என்ன ஆச்சு?"

"கோபுரம் ஆடுதே சார். கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி கோபுரம் ஆடுனா இன்னா அர்த்தம்னு பொம்பளைங்க கேட்டுகினு கீறாங்க. முத்தாலம்மா அக்கா ராத்திரி சோறே துண்ணல."

"அது கோபுரம் இல்லப்பா, கேமரா ஆடுது."

"எனக்குப் புரியுது. ஊருக்கு யாரு சொல்றது? இன்னைக்கு சாய்ங்காலத்துக்குள்ள உன் மெஷினு ஆடாம படம் புடிக்கும்னு காட்டு. இல்லாங்காட்டி வேற ஆள வச்சிக்கறோம்."

போன் வைக்கப்பட்டது. ஸ்ரீரங்கன் பைலட்டைப் பார்த்தார். பைலட் தரையைப் பார்த்தாள்.

ஸஹானா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக அவள் அந்த ட்ரோன் பூச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாலு இறக்கைகளையும் கழற்றிப் புதுசு போட்டாள். சாப்பாட்டு மேஜையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேஜை சாய்வு என்று சமையலறைக் கருங்கல் மேடைக்குப் போய், அங்கே ட்ரோனை வைத்துக் கேமராவைச் சமன் செய்தாள். மாமியார் காமு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்ச் சட்னி அரைத்தாள். தான் வந்த புதிதில் அந்த மேடையில் ஒரு சீப்பு வைத்ததற்கு நடந்த ரகளையை மிருதுளா மறக்கவில்லை.

"எடிட்டிங்ல சரி பண்ண முடியாதா?" என்று ஸ்ரீரங்கன் உள் அறைக் கதவருகே வந்து கேட்டார்.

"பண்ணிப் பாத்தேன் மாமா. கோபுரம் நின்னுடுச்சு. ஆனா வானம் ஆடுது."

அவர் எட்டிப் பார்த்தார். கோபுரம் நின்றது. பின்னால் கடலும் வானமும் தள்ளாடின.

"காத்தா இருக்குமோ?"

"காத்துன்னா படம் மொத்தமா அசையும். இது உள்ளுக்குள்ளயே நடுங்குது. மோட்டார் அதிர்வு கேமராவுக்குப் போகுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஒன்பது வருடமாக எல்லார் கை நடுக்கத்தையும் நான்தானே பார்க்கிறேன் என்று வாய் வரை வந்தது. "தோணுச்சு" என்றாள்.

"சரி. அவ போய் இன்னொரு தடவை பறக்கவிட்டுப் பாக்கட்டும். நீயும் கூடப் போ. பையைப் பிடிச்சுக்க ஆள் வேணும்ல."

பையைப் பிடிக்க. கொஞ்சம் ஹெல்புக்கு அடுத்த பிரமோஷன் இது.

கிளம்புவதற்கு முன் மிருதுளா ஒரு காரியம் செய்தாள். பழைய படங்களைத் தேதிவாரியாகத் திறந்தாள். புரட்டாசியில் எடுத்த ஊரப்பாக்கம் வீட்டுமனை விளம்பரம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஐப்பசி முழுக்க மழை. ட்ரோன் பையை விட்டே வெளியே வரவில்லை. அடுத்த படம் செவ்வாய்க்கிழமை ஒத்திகை. முதல் நொடியிலிருந்தே ஆட்டம்.

நடுவில் அதற்கு என்னதான் நடந்தது? கீழே விழவில்லை. யாருக்கும் இரவல் தரவில்லை. நடுவில் வந்தது ஒரே ஒரு நாள்.

ஆயுத பூஜை.

மிருதுளாவின் வலது கட்டைவிரல் அவளுக்கு முன்னால் ஞாபகப்படுத்திக்கொண்டது.

வருடா வருடம் ஸ்டூடியோவில் கேமரா, லென்ஸ், லைட், கம்ப்யூட்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அவள்தான். இந்த வருடம் மாமனார், "ட்ரோனுக்கு மட்டும் ஸஹானா வைக்கட்டும்" என்றார். ஸஹானா கை நீட்டுவதற்குள், "நானே வெச்சுடறேன் மாமா" என்று மிருதுளா முந்திக்கொண்டாள். பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரல் நிறைய எடுத்து, ட்ரோனின் வயிற்றுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒரே அழுத்தாக அழுத்தினாள். குங்குமமும் வைத்தாள். மறுநாள் வெளியே தெரிந்ததை ஸஹானா ஈரத்துணியால் துடைத்திருப்பாள். உள்ளே போனது உள்ளேயே காய்ந்திருக்கும்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் விரலை அழுத்தும்போது மனதில் இருந்தது பக்தி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அக்கா, போலாமா?" என்று வாசலிலிருந்து ஸஹானா கூப்பிட்டாள்.

* * *

தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பல்லாவரம் பக்கம் ஏர்போர்ட். சுற்றுவட்டாரத்தில் ட்ரோன் பறக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு ட்ரோன் வைத்திருப்பவர்கள், அதை ஒரு முறை மேலே ஏற்ற ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம் போக வேண்டும். ஸஹானா ஓட்டினாள். மிருதுளா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஜிஎஸ்டி ரோட்டின் லாரிப் புகை முழுக்க முகத்தில்.

வழியெல்லாம் அவள் மனதில் ஒரே கணக்கு. சொல்லிவிடலாம். 'ஸஹானா, அது என் சந்தனம்.' ஆறு வார்த்தைகூட இல்லை. சொன்னால் மாமனார் என்ன சொல்வார்? 'உன்னை யாரு வைக்கச் சொன்னா? அவதானே வைக்கணும்னு சொன்னேன்.' அப்புறம் போர்டில் பெயர் எங்கே வரும்? சொல்லாமல் இருந்தால்? லோகு வேறு ஆளைப் பார்ப்பார். பைலட்டின் கொம்பு ஒடியும். அப்போதும் போர்டில் இவள் பெயர் வராது.

காட்டாங்குளத்தூர் தாண்டி ஓர் ஏரிக்கரையில் வண்டி நின்றது. மழைக்குப் பிறகு ஏரி நிறைந்திருந்தது. எதிரே வேலி போட்ட காலி மனைகள், ஒரு செல்போன் டவர். ஸஹானா ட்ரோனை மேலே ஏற்றி, டவரை நோக்கிக் கேமராவைத் திருப்பினாள். ரிமோட்டின் திரையில் டவர் நெளிந்தது.

இறக்கினாள். ஏதோ அமைப்பை மாற்றினாள். ஏற்றினாள். நெளிந்தது. இன்னொரு முறை. பேட்டரி பாதிக்கு வந்துவிட்டது.

ஸஹானா கரையில் அப்படியே உட்கார்ந்தாள். புது சுடிதாரில் சேறு பட்டதைக் கவனிக்கவில்லை.

"எனக்குத் தெரியல அக்கா."

எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

"கம்பெனிக்கு அனுப்பினா பதினஞ்சு நாள் ஆகும். மாமா லைசென்ஸை மாட்டி வெச்சிருக்காரு. தினம் அதைப் பாக்கறப்ப பயமா இருக்கு. ஒரு தடவை தப்பாப் போனா கழட்டிடுவாரோன்னு."

இவளுக்குப் பயம் இருக்கும் என்று மிருதுளா எண்ணிப் பார்த்ததே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

ஸஹானாவின் போன் அடித்தது. "மாமா" என்று காட்டியது. "சொல்லுங்க மாமா. இன்னும் இல்ல மாமா," என்று பேசியபடியே அவள் எழுந்து, சிக்னல் தேடிக் கரை மேல் நடந்தாள்.

மாமனார் அவளிடம்தான் கேட்கிறார். மிருதுளாவிடமும் போன் இருக்கிறது. இவள் போன் அடிக்கவில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது.

மிருதுளா ட்ரோனை மடியில் கவிழ்த்தாள். கேமராவை மெல்ல ஒதுக்கிப் பார்த்தாள். நாலு மூலையிலும் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள். அதிர்வை வாங்கிக்கொள்வதற்காக இருப்பவை. அதில் இரண்டு குமிழ்களைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. மோட்டாரின் நடுக்கம் முழுவதும் அந்தக் கல் வழியாகக் கேமராவுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். நம் ஊர்ப் பெண்களிடம் எது இல்லாவிட்டாலும் ஊக்கு இருக்கும். முனையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினாள். மஞ்சளும் சிவப்புமாகச் செதில்கள் கைக்குட்டையில் உதிர்ந்தன. வாயால் ஊதினாள். ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தாள். மெத்தென்று அமுங்கி எழுந்தது. கைக்குட்டையை நாலாக மடித்து ஹேண்ட்பேகின் அடியில் வைத்தாள்.

ஸஹானா திரும்பி வந்தபோது மிருதுளா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை ஏத்திப் பாரு."

"என்ன பண்ணீங்க?"

"ஏத்து, சொல்றேன்."

ட்ரோன் எழும்பியது. திரையில் டவர் ஆணி அடித்த மாதிரி நின்றது. அதன் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கையின் கழுத்து திரும்புவதுகூடத் தெரிந்தது.

ஸஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னதான் இருந்துச்சு?"

"ரப்பர்ல மண்ணு புகுந்திருந்துச்சு."

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று மிருதுளாவே எதிர்பார்க்கவில்லை.

* * *

வீட்டுக்கு வரும்போது மணி நாலரை. படம் வழியிலேயே லோகுவுக்குப் போயிருந்தது. ஸ்ரீரங்கன் வாசலிலேயே நின்றார். அவர் வாசலுக்கு வந்து நின்று மிருதுளாவை வரவேற்றது கல்யாணத்தன்று ஒரு தடவை, இன்று ஒரு தடவை.

"முப்பது வருஷமா கேமரா பிடிக்கிறேன், எனக்கே தோணலம்மா. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சும்மா, படத்தைப் பாத்துத்தான் மாமா."

"காமு, கேட்டியா? இவ கண்ணைப் பாரு. இத்தனை நாள் இந்தக் கண்ணை உள் ரூம்ல பூட்டி வெச்சிருந்தோம்."

காமு உள்ளேயிருந்து கேசரி கொண்டுவந்தாள். முதல் கிண்ணம் மிருதுளாவுக்கு வந்தது. ஒன்பது வருடப் பசிக்கு அது போதாதுதான். ஆனாலும் ருசியாக இருந்தது. முந்திரியெல்லாம் அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது.

அப்போது ஸ்ரீரங்கன் இளையவள் பக்கம் திரும்பினார்.

"மண்ணு போற அளவுக்கா மெஷினை வெச்சிருப்ப? லைசென்ஸ் வாங்கினா ஆச்சா? துடைச்சு வைக்கத் தெரிய வேண்டாமா?"

ஸஹானா கேசரியைத் தொடாமல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மிருதுளாவும் வருவா. அவ ஏத்துன்னா ஏத்து, இறக்குன்னா இறக்கு. புரியுதா?"

"புரியுது மாமா."

அங்கேயே போனை எடுத்து போர்டுக்காரரைக் கூப்பிட்டார். "மூணாவது பேரு மிருதுளான்னு போட்டுடுப்பா. ஏரியலும் எடிட்டிங்கும் அவ மேற்பார்வை. ஸஹானா பேரை ஒரு வரி கீழ இறக்கிடு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கேசரி வாயில் இருந்தது. மிருதுளா மெல்ல விழுங்கினாள்.

ஐந்து மணிக்கு லோகுவே அழைத்தார்.

"படம் சோக்கா கீது சார். ஆடவேயில்ல."

"அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழமை வந்துடறோம்."

"ஒரே ஒரு விசயம் சார். முத்தாலம்மா அக்கா இன்னும் மொறச்சுகினு கீது. அம்மன் கோபுரத்து மேல பறக்கற மெஷினுக்குப் பூசை போட்டாங்களான்னு கேக்குது."

ஸ்ரீரங்கன் சிரித்தார். "நல்லாக் கேட்ட போ. ஆயுத பூஜை அன்னிக்கே பொட்டு வெச்சாச்சு. வீடியோவே இருக்கு. சின்னவன் கிரீஷ் எடுத்தான்."

"அப்ப அத்த அனுப்பு சார். கோயில்ல ஸ்கிரீன் கட்டிகீறோம். நாளைக்கு அதுல போட்டுக் காட்டிட்டா பொம்பளைங்க வாய மூடிகினு பூடுவாங்க."

"மிருதுளா, அந்த வீடியோவைத் தேடி ட்ரோனுக்குப் பொட்டு வைக்கிற இடத்தை மட்டும் நல்லா வெட்டி அனுப்பும்மா. நானும் ஒரு தடவை பாக்கணும்."

கையிலிருந்த கிண்ணம் மிருதுளாவுக்குத் திடீரென்று கனத்தது.

* * *

உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஃபைலைத் திறந்தாள். கிரீஷ் நிதானமாகத்தான் எடுத்திருந்தான். சூடத் தட்டு, பொரி, வாழைக்கன்று. பதினோராவது நிமிடத்தில் ட்ரோன், குளோசப்பில். மாமனாரின் குரல்: "ட்ரோனுக்கு மட்டும் ஸஹானா வைக்கட்டும்." குறுக்கே வரும் ஒரு கை. அந்தக் கையின் வளையல், வளையலில் ஊக்கு. கட்டைவிரல் நிறையச் சந்தனம். அது நேராக இடுக்குக்குள் போய் அழுந்துவது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. ரப்பரில்தான் கோளாறு என்று இன்று கேட்டவர்களுக்கு, மீதியை யாரும் விளக்க வேண்டாம்.

அந்த எட்டு நொடியை வெட்டிவிட்டால் ஆயிற்று. சந்தனக் கிண்ணத்திலிருந்து நேராக ட்ரோன் மேல் ஸஹானா பூ வைக்கும் காட்சிக்குத் தாவிவிடலாம். இதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. எழுநூறு கல்யாணத்தில் சம்பந்திச் சண்டைகளைத் தடமில்லாமல் எடுத்தவள். வெட்டிவிட்டு மூல ஃபைலையும் அழித்துவிட்டால், அந்தச் சந்தனத்துக்குச் சாட்சி கிடையாது.

அவள் அந்த எட்டு நொடியைக் குறித்தாள். கதவு திறந்தது.

ஸஹானா காபி டம்ளரோடு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் சந்தனக் கட்டைவிரல் அசையாமல் நின்றது. மூடுவதற்கு நேரமில்லை.

"நான் பொட்டுல வெளியில இருந்ததைத்தான் துடைச்சேன்," என்றாள் ஸஹானா. "உள்ள பாக்கல. அது என் தப்புதான்."

"ஸஹானா, நான் வந்து..."

ஸஹானா உள்ளங்கையைத் திறந்து மேஜை மேல் ஒரு ஊக்கை வைத்தாள். "ட்ரோன் பையில கிடந்துச்சு அக்கா."

மிருதுளா தன் வளையலைப் பார்த்தாள். காலியாக இருந்தது. ஊக்கின் முனையில் மஞ்சளாகத் துளி ஒட்டியிருந்தது.

"ஏரி மண்ணு இவ்வளவு வாசனையா இருக்காது."

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? போர்டு மாட்டினப்புறமா?"

வெளியே ஸ்ரீரங்கன் யாரிடமோ போனில், "மூத்தவதான் கண்டுபிடிச்சா, பயங்கர மூளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் அதைக் கேட்டார்கள்.

ஸஹானா சுடிதார் பாக்கெட்டிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து ஊக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க எப்படி வேணா வெட்டி அனுப்புங்க. நான் மாமாகிட்ட ஒண்ணும் சொல்லப்போறதில்ல. வெட்டறதுக்கு முன்னாடி முழு வீடியோ எனக்கு ஒரு காப்பி வேணும்."

"எதுக்கு?"

"என் பேரு ஒரு வரி கீழ போயிருக்குல்ல அக்கா. எதுக்கும் இருக்கட்டும்."

குரலில் கோபமில்லை. அக்கா என்பதும் எப்போதும் போலத்தான் வந்தது. ஆனால் அவள் பார்த்த பார்வை மிருதுளாவுக்கு நன்றாகப் பழக்கம். எட்டு மாதமாகத் தினமும் கண்ணாடியில் பார்த்து வந்த பார்வை அது.

"அனுப்பிட்டியாம்மா?" என்று மாமனாரின் குரல் கதவருகே வந்தது.